பழைய தொலைநோக்கிகளை எடைக்குப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் நகரத்திலும் சேர்வராயன் மலைத் தோட்டங்களிலும் பழைய வீடுகள் கைமாறும்போதும், பள்ளிகள் தங்கள் ஆய்வகங்களைப் புதுப்பிக்கும்போதும், நீண்ட குழாயுடைய பழைய லென்ஸ் தொலைநோக்கிகள் வெறும் உலோக விலைக்குப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இத்தகைய கருவிகளைத் தேடி வாங்கிச் செப்பனிட்டு, அவற்றின் வழியே வானத்தைப் பார்ப்பதில் நெடுங்காலமாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இவற்றை எடைக்குப் போட வேண்டாம். பளபளப்பாக்கி வரவேற்பறையில் அலங்காரமாக நிறுத்தவும் வேண்டாம். மறுபடியும் வானத்தைப் பார்க்கப் பயன்படுத்துங்கள். அதற்காக எந்தத் துணைக்கருவியைச் சேர்த்தாலும், நாளை அதைக் கழற்றினால் பழைய கருவி பழையபடியே இருக்கும் வகையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நம் பக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகையைச் சேர்ந்தவை. ஒன்று, ஆங்கிலேயர் காலத்துப் பித்தளைக் குழாய்க் கருவிகள், இவை அரிது. மற்றொன்று, 1950களிலிருந்து 1970கள் வரை ஜப்பானில் செய்யப்பட்டு உலகெங்கும் விற்கப்பட்ட, 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லையும் ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் (வில்லையிலிருந்து பிம்பம் குவியும் இடம் வரையுள்ள தூரம்) கொண்ட வெள்ளைக் குழாய்க் கருவிகள். டாஸ்கோ, சியர்ஸ், யூனிட்ரான் என்று பெயர்ப்பலகை மாறினாலும் செய்தவை ஜப்பானியத் தொழிற்சாலைகளே. இவற்றில் நல்லவை இன்று கடையில் பொம்மைபோல் விற்கப்படும் பல புதிய கருவிகளைவிட மிக மேலானவை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். அக்காலத்திலேயே கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்தில் கார்ல் சைஸ் நிறுவனம் பள்ளிகளின் பயன்பாட்டுக்கென 63 மில்லிமீட்டர் விட்டமும் 840 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் உள்ள டெலிமென்டர் என்ற கருவியைச் செய்தது. சேகரிப்பவர்கள் இன்றும் தேடி அலையும் கருவி அது.

இக்குழாய்கள் ஏன் இவ்வளவு நீளம் என்று பலரும் கேட்கிறார்கள். ஒற்றை வில்லை வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு இடங்களில் குவிப்பதால், பார்க்கும் பொருளைச் சுற்றி நிற விளிம்பு உண்டாகிறது. கிரவுன் கண்ணாடியில் ஒரு வில்லையும் ஃபிளிண்ட் கண்ணாடியில் ஒரு வில்லையும் இணைத்து அக்குறையைப் பெருமளவு போக்கலாம் என்பதை 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செஸ்டர் மூர் ஹால் கண்டார்; 1758இல் ஜான் டாலண்ட் அதற்குக் காப்புரிமை பெற்றார். அப்படி இணைத்த பின்னும் சிறிது நீல, ஊதாக் கசிவு எஞ்சத்தான் செய்யும். குவியத் தொலைவை விட்டத்தைப் போல் 15 மடங்காக நீட்டினால், 60 மில்லிமீட்டர் வில்லையில் அந்தக் கசிவு கண்ணுக்கு உறுத்தாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எனவே இந்த நீளத்தைப் பழைய காலத்தின் குறை என்று எண்ணிவிடக் கூடாது. நிலவின் விளிம்பு கூர்மையாகத் தெரிவதும், விண்மீன் ஒரு சிறு புள்ளியாக அடங்கி நிற்பதும் அந்த நீளத்தால்தான்.

வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தோல் சுற்றிய பித்தளைக் குழாயில் பழைய ஆண்டையும் லண்டன் நிறுவனப் பெயரையும் பொறித்து, மரப்பெட்டியில் வைத்து விற்கப்படும் 'கப்பல் தொலைநோக்கிகளில்' மிகப் பல அண்மையில் நம் நாட்டிலேயே செய்யப்பட்ட அலங்காரப் பொருள்கள். 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917' என்ற பொறிப்பைப் பலர் பெருமையுடன் காட்டுகிறார்கள். அந்தப் பெயரில் நிறுவனம் அமைந்ததே 1947இல்தான். உண்மையான பழைய கருவியா என்பதை அறியப் பொறிப்பை நம்பாமல் வில்லையைப் பார்க்க வேண்டும். முகப்பு வில்லையை ஒரு டியூப் லைட்டின் கீழே சற்றுச் சாய்த்துப் பிடித்து, அதில் தெரியும் விளக்கின் பிம்பங்களை எண்ணுங்கள். இடையில் காற்று இடைவெளி விட்டு இரண்டு வில்லைகள் இருந்தால் நான்கு பரப்புகளிலிருந்தும் பிம்பம் வரும். ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் இரண்டு பிம்பங்களே தெரியும். அதை வானத்துக்கென வாங்குவதில் பயனில்லை.

கிடைத்த கருவியைத் துடைக்கும் ஆர்வத்தால் அதைக் கெடுத்துவிடுவதை அடிக்கடி காண்கிறேன். நம் வீடுகளில் பித்தளை என்றாலே புளி போட்டுத் துலக்கும் வழக்கம் உண்டு. பழைய பித்தளைக் குழாய்களின் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு இருக்கும். புளியும் சாம்பலும் பட்டால் அந்தப் பூச்சும் போய், எழுத்துப் பொறிப்பின் கூர்மையும் போய்விடும். ஈரத்துணியால் தூசியை ஒற்றி எடுத்தாலே போதும். வில்லையிலும் சிறு தூசி இருந்தால் அதை ஊதுபந்தால் ஊதிவிட்டு அப்படியே விட்டுவிடுவது நல்லது. நூறு தூசிகள் காட்சியைக் கெடுப்பதில்லை; துணியால் அழுத்தித் தேய்த்ததால் விழுந்த கீறல்கள் கெடுத்துவிடும்.

கழற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. முகப்பு வில்லையைப் பிடித்திருக்கும் திருகுவளையத்தைக் கழற்றினால் உள்ளே இரண்டு கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைக் காணலாம். அவற்றுக்கு இடையே, விளிம்பில், மூன்று இடங்களில் சம தூரத்தில் நகத்தைவிடச் சிறிய ஈயத்தாள் துண்டுகள் இருக்கும். குப்பை என்று எண்ணி எடுத்து எறிந்துவிடத் தோன்றும். ஆனால் இரண்டு வில்லைகளுக்கும் இடையில் உள்ள இடைவெளியைக் காப்பவை அவைதான். பிரிப்பதற்கு முன் இரு கண்ணாடிகளின் பக்க விளிம்பிலும் சேர்த்துப் பென்சிலால் அம்புக்குறி ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். எது முன், எது பின், எந்தப் பக்கம் வானத்தை நோக்கியது, ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் பொருந்தியிருந்தது ஆகிய அனைத்தையும் அந்த ஒரு குறி காட்டிக்கொடுக்கும். காய்ச்சி வடித்த நீராலும், தேவைப்பட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் நனைத்த பஞ்சைத் தன் எடையிலேயே ஒரு திசையில் இழுத்து எடுத்தால் போதும். சிறிய வில்லைகளில் சில, இரு கண்ணாடிகளும் பிசினால் ஒட்டப்பட்டவை. அவற்றை ஆல்கஹாலில் ஊறப்போடக் கூடாது. திரும்பப் பூட்டும்போது திருகுவளையத்தை இறுக்கிவிடாமல், கண்ணாடி நெருக்கப்படாத அளவில் நிறுத்த வேண்டும். பின்னர் உச்சிக்கு அருகில் உள்ள ஒரு விண்மீனைப் பார்த்து, குவியத்தைச் சற்றே விலக்கினால் வட்ட வட்டமாக வளையங்கள் தோன்றும். அவை ஒரே மையத்தில் அமைந்திருந்தால் வேலை சரியாக முடிந்தது என்று கொள்ளலாம்.

ஏற்காட்டில் இக்கருவிகளுக்குப் பெரிய பகை பூஞ்சைதான். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், மழைமாதங்களில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து தங்கும் ஊரில், மூடிய மரப்பெட்டிக்குள் வருடக்கணக்கில் கிடக்கும் வில்லையின்மேல் சிலந்தி இழைபோல் கிளைவிட்டுப் பூஞ்சை படர்கிறது. தொடக்கத்தில் அதைத் துடைத்துவிடலாம். நாள்பட்டால் அதன் கழிவு கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். ஆகையால் மலைமேல் வைத்திருப்பவர்கள் வில்லைப் பகுதியையும், கண்ணருகே பொருத்தும் சிறு வில்லைகளான ஐபீஸ்களையும் மட்டுமாவது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைக்க வேண்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் அதை மிதமான சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம். பார்த்து முடித்து உள்ளே கொண்டுவந்த குழாயை, பனி நீர் தானாக உலரும்வரை மூடியிட்டு அடைக்கக் கூடாது. சேலத்துச் சமவெளியின் வறண்ட காற்றில் இந்தத் தொல்லை குறைவு.

துணைக்கருவிகளில் முதலாவது ஐபீஸ். பழைய ஜப்பானியக் கருவிகளின் ஐபீஸ்கள் 24.5 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை. இன்று உலகெங்கும் விற்கப்படுபவை 31.7 மில்லிமீட்டர். பழைய பெட்டியோடு வரும் ஹைகன்ஸ் வகை ஐபீஸ்களில் நடுத்தரமானவை நீண்ட குழாயில் நன்றாகவே உழைக்கின்றன என்பதால் அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் 4 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள ஐபீஸும், பெட்டியின்மேல் அச்சிட்ட பல நூறு மடங்கு உருப்பெருக்கமும் வெறும் விற்பனை வாசகம். 60 மில்லிமீட்டர் வில்லை தாங்கக்கூடியது ஏறக்குறைய 120 மடங்குதான். அதற்கு மேல் போனால் பிம்பம் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது. தொலைநோக்கியின் குவியத் தொலைவை ஐபீஸின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 900 மில்லிமீட்டர் குழாயில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் 36 மடங்கையும், 9 மில்லிமீட்டர் ஐபீஸ் 100 மடங்கையும் தரும். 32 மில்லிமீட்டர் பிளாசல் ஐபீஸைப் பொருத்தினால் 28 மடங்குதான்; ஆயினும் பழைய ஐபீஸில் விளிம்பை முட்டி நிற்கும் கார்த்திகைக் கூட்டம், சுற்றிலும் கறுத்த வானத்தோடு ஒரே பார்வையில் அமைந்துவிடுகிறது. அந்தக் காட்சி ஒன்றுக்காகவே இந்த மாற்றத்தைப் பரிந்துரைப்பேன்.

இதற்குச் சிலர் பழைய குழாயின் பின்முனையை அறுத்துப் பெரிதாக்குகிறார்கள். அது தேவையே இல்லை. ஒரு பக்கம் 24.5, மறுபக்கம் 31.7 மில்லிமீட்டர் அளவுள்ள இணைப்பு வளையம் விலைக்குக் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால், சேலத்து லேத் பட்டறைகளில் வெர்னியர் அளவோடு கொடுத்தால் அலுமினியத்தில் கடைந்து தந்துவிடுவார்கள். உட்புறத்தை மங்கலான கறுப்பு வண்ணத்தால் பூசச் சொல்ல மறக்க வேண்டாம். பளபளக்கும் உலோகம் நிலவொளியைச் சிதறடித்துக் காட்சியை வெளுப்பாக்கும். அவ்வாறே, விண்மீனைக் குறிபார்க்க உதவும், சிவப்புப் புள்ளி காட்டும் புதிய ஃபைண்டரைப் பொருத்தக் குழாயில் துளையிட வேண்டியதில்லை. ரப்பர் பட்டை வைத்த கவ்வியால் கட்டினால் போதும். இறுகிப்போன பழைய கிரீஸைத் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாக மிகச் சிறிதளவு தடவினாலே குவியத்தைச் சரிசெய்யும் திருகு வழுக்கிக்கொண்டு நகரும்.

ஒரு துணைக்கருவியை மட்டும் நான் எவரையும் வைத்திருக்க விடமாட்டேன். பழைய பெட்டிகளில் ஐபீஸின் அடியில் திருகிக்கொள்ளும் கரும்பச்சைக் கண்ணாடி ஒன்று சூரியனைப் பார்ப்பதற்கு என்று இருக்கும். முகப்பு வில்லை திரட்டிய வெப்பம் முழுவதும் குவியும் இடத்திலேயே அது அமைகிறது. வெப்பத்தால் திடீரென விரிசல் விட்டால், கண்ணை எடுக்கும் முன்பே பார்வை போய்விடும். 2019 டிசம்பர் 26 அன்று ஈரோடு, கரூர், திண்டுக்கல் பகுதிகளில் கங்கண கிரகணமும் சேலத்தில் பெரும்பகுதி மறைந்த கிரகணமும் நிகழ்ந்தபோது, வீட்டுப் பரணிலிருந்து பழைய கருவிகளை இறக்கியவர்கள் பலர். அடுத்த கிரகணத்தின்போதும் இறக்குவார்கள். தொகுப்பு முழுமையாக இருந்தால்தான் மதிப்பு என்று சேகரிப்பவர்கள் வாதிடக்கூடும். அந்த மதிப்பு குறைந்தாலும் குறையட்டும், இந்தக் கண்ணாடியை உடைத்துப் போட்டுவிட வேண்டும். சூரியனைப் பார்க்க விரும்புபவர்கள், முகப்பு வில்லையை முழுவதும் மூடும்படி சூரிய ஒளியைக் குறைக்க அதற்கென்றே செய்யப்பட்ட வடிதாளைக் குழாயின் முன்புறம் உறுதியாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். ஃபைண்டரையும் மூடிவிட வேண்டும்.

தாங்கியைப் பற்றியும் நம் ஊருக்கென்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. துருவ விண்மீனை நோக்கிச் சாய்த்து நிறுத்தும் அச்சுள்ள பழைய தாங்கிகள் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா போன்ற வடபகுதிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சேலமும் ஏற்காடும் நிலநடுக்கோட்டிலிருந்து 12 பாகைக்கும் குறைவான அகலாங்கில் இருப்பதால், துருவ விண்மீன் நமக்கு அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் தெரியும். சேலத்திலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை முகட்டுக்குச் சற்று மேலே மங்கலாக நிற்கும். அந்த அளவுக்கு அச்சைத் தாழ்த்தப் பல பழைய தாங்கிகளில் இடமே இருக்காது. தாழ்த்தினாலும் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடித்துக்கொள்ளும். தச்சரிடம் சொல்லி 20 பாகை அளவில் ஓர் ஆப்புக்கட்டையைத் தேக்கில் இழைத்து, தாங்கிக்கும் முக்காலிக்கும் இடையே வைத்துவிட்டால் இரண்டு சிக்கலும் தீர்ந்துவிடுகின்றன. மேலும் கீழும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் எளிய தாங்கி கிடைத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மரக்கால் முக்காலிகளை மாற்றி உலோகக் கால் போடுவதை நான் ஏற்பதில்லை; மரம் அதிர்வை விரைவில் அடக்கிவிடும்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், பார்ப்பதற்குத்தான். மாசி, பங்குனி மாலைகளில் வடகிழக்கே எழும் சப்தரிஷி மண்டலத்தில், திருமணத்தன்று நாம் காட்டும் அருந்ததிக்குப் பக்கத்திலுள்ள வசிட்ட விண்மீனை 60 மடங்கில் பாருங்கள். அதுவே 14 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) இடைவெளியில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். 60 மில்லிமீட்டர் வில்லையால் ஏறக்குறைய 2 விகலை வரை பிரிக்க முடியும் என்பதால், மிதுன ராசியின் கேஸ்டர் விண்மீனும் அதில் இரண்டாகத் தெரியும். திருவாதிரை விண்மீனுக்குத் தெற்கே, ஓரியன் எனப்படும் வேட்டைக்காரன் மண்டலத்தின் வாள் பகுதியில் உள்ள ஒளிமுகிலின் நடுவில் நான்கு சிறு விண்மீன்கள் நெருங்கி நிற்பதைக் காணலாம். சனியின் வளையம் 2025 மார்ச்சில் பக்கவாட்டாகத் திரும்பி மறைந்திருந்தது. இனிவரும் ஆண்டுகளில் அது அகன்றுகொண்டே போகும். சித்திரை, வைகாசியில் ஏற்காட்டிலிருந்து தெற்கே நோக்கினால் சேலத்தின் விளக்கொளிக்கு மேலே தென்சிலுவை நிற்கும். அதன் அடியில் உள்ள மிக ஒளிர்ந்த விண்மீனும் இரட்டைதான், 4 விகலை இடைவெளி. இவற்றில் பெரும்பாலானவற்றை அஸ்தம்பட்டி மாடியிலிருந்தே பார்க்க முடியும். நகரத்து வெளிச்சம் ஒளிமுகில்களை மங்கச் செய்யுமே தவிர, நிலவையும் கோள்களையும் இரட்டை விண்மீன்களையும் அது பெரிதும் பாதிப்பதில்லை.

பழைய கருவியைப் புதுப்பித்துப் பயன்படுத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அன்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வான்காணகத்தில் 1861இல் நார்மன் பாக்சன் 'ஆசியா' என்ற சிறுகோளைக் கண்டார்; அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1899இல் கொடைக்கானல் ஆய்வகம் தொடங்கியபோது, சென்னையில் உழைத்த லென்ஸ் தொலைநோக்கிகள் செப்பனிடப்பட்டு அங்கே போய் மறுபடியும் உழைத்தன. நமக்கு அண்டையில் ஜவ்வாது மலைக் காவலூரில் 1972இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி, டெலிமென்டரைச் செய்த அதே யேனா நகரத்துச் சைஸ் நிறுவனத்தின் கருவியே.

எனவே பள்ளி, கல்லூரித் தலைமையாசிரியர்களிடமும் முதல்வர்களிடமும் தோட்ட உரிமையாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இருப்புப் பதிவேட்டிலிருந்து 'பயனற்றது' என்று கழிப்பதற்கு முன், இயற்பியல் ஆசிரியர் ஒருவரையேனும் அழைத்து வில்லையைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், வில்லை பழுதில்லாத நல்ல கருவி ஒன்று, முக்காலியின் ஒரு கால் உடைந்திருந்த ஒரே காரணத்துக்காக உடைந்த நாற்காலிகளோடு ஏலத்தில் போனது. தச்சருக்கு அது அரை நாள் வேலை. சேலம் அரசு அருங்காட்சியகம் இத்தகைய கருவிகள் எங்கெங்கே உள்ளன என்று ஒரு பட்டியல் எடுத்தால், அவற்றைச் செப்பனிட்டு மாணவர்களுக்குக் காட்ட எங்களைப் போன்றவர்கள் கூலியின்றி வருவோம். ஏற்காடு கோடை விழாவில் இதைச் சேர்க்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் மே மாத மாலைகளில் மலைமேல் இடிமேகம் கூடிவிடும். வானம் தெளிந்திருக்கும் தை முதல் பங்குனி வரையிலான மாதங்களே இதற்கு ஏற்றவை.

கருவியைக் கொடுப்பவர்களும் விற்பவர்களும் பெட்டியையும், உள்ளே கிடக்கும் சிறு திருகு, மூடி, அச்சிட்ட தாள் எதையும் தனியே எறிந்துவிடாமல் சேர்த்தே கொடுங்கள். வில்லைச் சட்டத்தில் பொறித்துள்ள விட்டம், குவியத் தொலைவு, வரிசை எண் ஆகியவற்றையும், அதை யார், எந்த ஆண்டில், எங்கே வாங்கினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருப்பதையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.